கறள் பிடித்த தையல் மெசின்



போன மாதம் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து வரும்போது ஒரு சகோதரி என்னிடம் சொன்னார்: "அக்கா, அம்மாவின்ர மெசின் கறள் பிடிச்சு இறுகிப்போச்சுது. சில்லு அசையுதில்லை. பழைய இரும்புக்காரர் வந்தால் நிறுத்துக் குடுக்கப் போறன்."

எனக்கு மனம் பொறுக்கவில்லை. நானும் ஒருகாலம் அதே முடிவோடு இருந்தவள்தான்.

2008 இன் கடைசியில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது மெசினைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. 2010 இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. மெசினின் மேசையைக் கறையான் தின்றிருந்தது. தலைப்பகுதி மட்டும் இரண்டு மாரி மழையில் நனைந்து, செம்மண் நிறத்தில் கிடந்தது. வீட்டுக்காரரும் இல்லை. இரண்டு பிள்ளைகள். எனக்குத் தெரிந்த தொழில் தையல் ஒன்றுதான்.

அவசரத்தில் நான் செய்த முதல் பிழையைச் சொல்கிறேன். ஊசிப்பக்க மூடியின் திருகை, பொருந்தாத சின்ன ஸ்குறூ டிரைவரால் பலங்கொண்ட மட்டும் திருகினேன். திருகின் தலை முறிந்துவிட்டது. இன்றும் அந்த மூடியைக் கம்பியால்தான் கட்டி வைத்திருக்கிறேன்.

பக்கத்துக் காணியில் சைக்கிள் திருத்தும் ஐயா ஒருவர் இருந்தார். அவர் பார்த்துவிட்டு, "அவசரப்படாதை பிள்ளை. கறளோட மல்லுக்கட்டினால் கறள்தான் வெல்லும். ஊறவிடு" என்றார்.

இரும்பு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து கறளாகும்போது பருத்துவிடும். இரண்டு பாகங்களுக்கு நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியை அடைத்து, ஆப்புப்போல இறுக்கிவிடும். அதனால்தான் எண்ணெய் உள்ளே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஐயா காட்டித் தந்த முறை இது. முதலில் மேலே உள்ள கறளையும் மண்ணையும் பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிடுங்கள். பிறகு எண்ணெய்த் துளைகளிலும், அசையும் பாகங்கள் சேரும் இடங்களிலும் சில துளி மண்ணெண்ணெய் விடுங்கள். காலையும் மாலையும் விட்டு, இரண்டு மூன்று நாட்கள் பொறுங்கள். விளக்கையும் அடுப்பையும் தூரத்தில் வையுங்கள். பிள்ளைகளையும் கிட்ட விடாதீர்கள்.

பிறகு சில்லைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். ஒரே பக்கம் இழுக்க வேண்டாம். ஒரு நூலளவு அசைந்தாலும் போதும். மீண்டும் மண்ணெண்ணெய் விட்டு மறுநாள் பாருங்கள். மெசினின் உடம்பு வார்ப்பிரும்பு. சுத்தியலால் அடித்தால் வெடித்துவிடும்.

திருகு கழராவிட்டால், அதன் வெட்டை முழுதாக நிரப்பும் ஸ்குறூ டிரைவரை வைத்து, அதன் பிடியில் மெதுவாகத் தட்டுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் சற்றே திருப்பி, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். கறளின் பிடி அப்போதுதான் விடும்.

எல்லாம் அசைந்த பின்பு மண்ணெண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். மண்ணெண்ணெய் கறளை இளக்குமே தவிர, தேய்மானத்தைத் தடுக்காது. தேங்காயெண்ணெய் விடவே வேண்டாம். அது நாளடைவில் பிசினாகி மெசினைத் திரும்ப இறுக்கிவிடும்.

என்னுடைய மெசின் ஒன்பதாம் நாள் முழுச்சுற்றுச் சுற்றியது. அதில் முதலில் தைத்தது என் மூத்தவளின் பள்ளிக்கூடச் சட்டை. ஊசி இறங்கிய இடத்தில் கறள்பட்டு வெள்ளைத் துணியில் மஞ்சள் புள்ளி விழுந்தது. அதற்குப் பிறகு எப்போதும் பழந்துணியில் நாலு வரி தைத்துப் பார்த்துத்தான் புதுத்துணியை வைப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அந்தச் சகோதரிக்கும் இதையெல்லாம் சொல்லி அனுப்பினேன். நாலாம் நாள் போன் எடுத்தார்.

"அக்கா, அரை விரல் அளவு அசையுது. இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பிப்போட்டன்."