கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நாளை நாகப்பட்டினத்துக்குக் குடுங்க

"காலைல கப்பல்னா ராத்திரி பஸ்ல ஏறி, விடியக்காலைல இறங்கி, நேரா துறைமுகத்துக்குப் போயிடலாமேடி. எதுக்கு ஒரு நாள் முன்னாடியே போய் லாட்ஜுக்குக் காசு அழுவணும்?"

என் கிளாஸ்மேட் கேட்ட கேள்வி இது. அவ கேட்டதுல தப்பில்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. துறைமுக ஊருன்னா பஸ் ஸ்டாண்டு மாதிரி, வண்டி வர்ற வரைக்கும் உக்காந்திருக்கிற இடம். 2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல இருந்து கோர்டிலியா சொகுசுக் கப்பல் கிளம்பினப்போ இணையத்துல வந்த போட்டோ எல்லாம் பார்த்திருப்பீங்க. கப்பலுக்குள்ள நீச்சல் குளம், கப்பலுக்குள்ள பஃபே. கப்பல் நின்ன ஊரு மட்டும் ஒரு போட்டோலயும் இல்லை!

நான் அதுக்கு நேர் எதிர் கட்சி. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு முழு நாள் அந்த ஊர்ல இருக்கணும், அந்த ஊர் சாப்பாட்டைச் சாப்பிடணும். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல எங்க கதை. நான் கீழ் கோத்தகிரி. எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) பொறந்தது இலங்கையில, ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டம். 1964 அக்டோபர்ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டாங்க. அங்க இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு ரெண்டு அரசாங்கமும் பிரிச்சுக்கிச்சு. மிச்சம் இருந்த 1,50,000 பேரை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டு, 1974ல பாதிக்குப் பாதி பிரிச்சுக்கிட்டாங்க. மூட்டை பிரிக்கிற மாதிரி!

அதுல எங்க அம்மாயி இந்தியப் பக்கம் விழுந்தாங்க. கல்யாணம் ஆகியிருந்த அவங்க அக்கா இலங்கைப் பக்கம். 1972ல, 17 வயசுல, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல கொஞ்ச நாள் இருந்துட்டு நீலகிரிக்கு வந்தாங்க. இப்படி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968ல அரசுத் தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு டான்டீன்னு சொல்றோமே, அதுதான். அங்க கொழுந்து பறிச்சவங்க இங்க வந்தும் கொழுந்து பறிச்சாங்க. எங்க ஊர்ல இன்னைக்கும் அவங்களை "சிலோன்காரங்க"ன்னு சொல்றவங்க இருக்காங்க.

கப்பல்ல வந்த கதையைச் சின்ன வயசுல இருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். ராமேஸ்வரம் எப்படி இருந்துச்சு அம்மாயின்னு கேட்டா எப்பவும் ஒரே பதில்தான். "ஊரை எங்க பாப்பா பார்த்தேன்? வரிசைல நின்னேன். முன்னாடி நின்ன ஆளோட முதுகைத்தான் பார்த்தேன்."

இது அம்மாயிக்கு மட்டும் நடந்தது இல்லை. வெள்ளைக்காரன் காலத்துல இலங்கைத் தோட்டத்துக்குப் போனவங்களை மண்டபத்துல அடைச்சு வச்சு, நோய் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கப்பல் ஏத்தினாங்க. மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவங்க நிறைய பேரு நாகப்பட்டினத்துல ஏறினாங்க. 1926ல இருந்து சுமார் 47 வருசம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடின ரஜூலா கப்பலைப் பத்தி அந்தப் பக்கத்துப் பெரியவங்களைக் கேட்டா கதை கதையாச் சொல்வாங்க. இவ்வளவு சனம் கடந்து போன ஊருல, எத்தனை பேருக்கு நின்னு ஒரு வேளை நிம்மதியாச் சாப்பிடக் கிடைச்சிருக்கும்?

2023 அக்டோபர் 14ல நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் ஆரம்பிச்சாங்க. செரியபாணின்னு பேரு. ஒரு வாரத்துல நிறுத்திட்டாங்க. அப்புறம் 2024 ஆகஸ்ட் 16ல தனியார் நிறுவனம் சிவகங்கைங்கிற கப்பலை விட்டுச்சு. நாலு மணி நேரப் பயணம். 2025 மே மாச லீவுல நானும் அம்மாயியும் அதுல போனோம், அவங்க அக்காவைப் பார்க்க. பாஸ்போர்ட் எடுக்க அலைஞ்ச கதை தனிப் பதிவாப் போடுற அளவுக்கு இருக்கு, இப்ப வேணாம். :-)

ஒரு நாள் முன்னாடியே போகணும்னு அடம் பிடிச்சது நான்தான். இந்தத் தடவை அம்மாயி வரிசைக்கு வெளியில நின்னு ஊரைப் பார்க்கணும்னு எனக்கு ஆசை.

கோத்தகிரி, மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர்னு ஒரு ராத்திரி முழுக்க வந்து காலைல நாகப்பட்டினத்துல இறங்கினா, மலைக்காத்துல வளர்ந்த எங்களுக்கு அந்த வெயில் கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. லாட்ஜ்ல பையைப் போட்டுட்டு நாகூருக்கு டவுன் பஸ் ஏறினோம்.

நாகூர் தர்கா மினாராவைத் தூரத்துல இருந்தே பார்க்கலாம். மொத்தம் அஞ்சு. பெரிய மினாரா 131 அடி, அதைக் கட்டிக் குடுத்தது தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங். ஒரு இந்து ராஜா தர்காவுக்கு மினாரா கட்டினதை நாம ஆச்சரியமாப் பேசுறோம், நாகூர்ல அது சாதாரண விஷயம். உள்ள போற கூட்டத்துல பாதிப் பேரு பொட்டு வச்சவங்க. கடல் தாண்டிப் போன தமிழ் முஸ்லிம்கள் சிங்கப்பூர்லயும் பினாங்குலயும் இதே நாகூர் தர்கா பேர்ல கட்டடம் கட்டியிருக்காங்க. சிங்கப்பூர்ல இருக்கிறது 1830 வாக்குல கட்டினது.

அங்க நேர்ந்துக்கிறவங்க தகட்டுல செஞ்ச கை, கால், கண்ணு, வீடு வாங்கிப் போடுவாங்க. அதுல கப்பலும் உண்டு! அம்மாயி ஒவ்வொண்ணாப் புரட்டிப் பார்த்துட்டு ஒரு சின்னக் கப்பல் தகடு எடுத்தாங்க. என்ன வேண்டிக்கிட்டாங்கன்னு நான் கேட்கலை.

வெளிய வந்து டீக்கடைல உக்காந்தோம். கடைக்காரப் பெரியவர் "பசியாறிட்டீங்களாம்மா?"ன்னு கேட்டார். அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. காலைல சாப்பிடுறதை இங்க "பசியாறுறது"ன்னுதான் சொல்றாங்க. சிங்கப்பூர், மலேசியாத் தமிழர்களும் அப்படித்தான் சொல்வாங்க. எந்த ஊர்ல இருந்து அந்த வார்த்தை கப்பல் ஏறிப் போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

டீ வந்துச்சு. அம்மாயி ஒரு வாய் குடிச்சுட்டு, "டஸ்ட்டு. சாயம் இருக்கு, வாசம் இல்லை"ன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. 40 வருசம் கொழுந்து பறிச்ச கை, சும்மா இருக்குமா? அப்புறம் அவங்க பழக்கத்துக்கு "ஒரு பிளேன்டீ குடுங்க"ன்னு கேட்டாங்க. பால் இல்லாத டீயை எங்க வீட்டுல இன்னைக்கும் அப்படித்தான் சொல்வோம், அதுவும் சிலோன்ல இருந்து வந்ததுதான். பெரியவருக்கு உடனே புரிஞ்சுடுச்சு. "சிலோனாம்மா நீங்க?"ன்னு கேட்டார். 53 வருசமா அந்த வார்த்தையைக் குத்தலாவே கேட்டுப் பழகின அம்மாயிக்கு, அன்னைக்குத்தான் அது விசாரிப்பா வந்துச்சு.

மத்தியானம் நாகப்பட்டினத்துல ஒரு சின்ன மெஸ். கிழக்குக் கடற்கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம்னு தடை. அதனால வஞ்சிரம் எல்லாம் எங்க கைக்கு எட்டாத விலை. ஆனா அந்த நேரத்துல நாகைக்குன்னு ஒரு மீன் இருக்கு, கோலா. தண்ணிக்கு மேல பறக்கும் மீன். மீனவங்க தழையைக் கட்டி மிதக்க விட்டு, அதுல முட்டை போட வர்ற கோலாவைப் பிடிப்பாங்களாம். புளி தூக்கலா வச்ச கோலா மீன் குழம்பு, வெறும் சோறு, ஒரு அப்பளம். நான் மூணு தடவை சோறு வாங்கினேன். (ஹாஸ்டல் மெஸ் ஞாபகம் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.)

இங்கதான் நான் சொல்ல வந்தது. கோலா மீனை நீங்க ஊட்டிலயோ கோயம்புத்தூர்லயோ சாப்பிட முடியாது. கப்பலுக்குள்ளயும் கிடைக்காது. அந்த ஊர்ல, அந்த மாசத்துல, அந்தத் தெருவுல மட்டும்தான். துறைமுக ஊருக்குப் போய் தந்தூரி சிக்கன் தேடுறவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கு.

சாயங்காலம் நாகூர் இறால் வாடா. வடை இல்லை, வாடா! அரிசி மாவுத் தட்டுல மேல இறால் வச்சு எண்ணெய்ல பொரிச்சுத் தருவாங்க. ஒண்ணு சாப்பிட்டா நிறுத்த முடியாது. தம்ரூட் ஒரு பெட்டி வாங்கினோம். ரவை, நெய், சர்க்கரை போட்டுச் செய்யுற இனிப்பு. அம்மாயி, "அக்காவுக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க.

பார்க்க முடியாத ஒரு இடத்தைப் பத்தியும் சொல்லணும். ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி, முதலாம் ராஜராஜன் காலத்துல, ஸ்ரீவிஜய நாட்டு ராஜா நாகப்பட்டினத்துல சூடாமணி விகாரம்னு ஒரு புத்தப் பள்ளி கட்டினார். அதுக்குச் சோழர் ஆனைமங்கலம்ங்கிற ஊரையே மானியமாக் குடுத்தாங்க. லெய்டன் செப்பேடுகள்னு படிச்சிருப்பீங்களே, அதுல இருக்கிறது இந்த சமாசாரம்தான். நாகப்பட்டினத்துல அந்தக் காலத்துப் புத்தக் கோபுரம் ஒண்ணு 19ம் நூற்றாண்டு வரைக்கும் நின்னுட்டு இருந்துச்சு. 1867ல இடிச்சுட்டாங்க. மண்ணுக்குள்ள கிடைச்ச புத்தர் சிலைகள் முந்நூறுக்கு மேல, அதுல நிறைய சென்னை எழும்பூர் மியூசியத்துல இருக்கு.

இப்ப யோசிங்க. இந்தக் கப்பல்ல வேளாங்கண்ணிக்கு வர்ற இலங்கைக்காரங்க இருக்காங்க, நாகூருக்கு வர்றவங்க இருக்காங்க. சிங்கள பௌத்தர் ஒருத்தர் வந்து இறங்கினா, இங்க ஒரு பெரிய விகாரம் இருந்துச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? துறைமுக வாசல்ல தமிழ்லயும் சிங்களத்துலயும் ஒரு பெரிய போர்டு வச்சா அதுக்கு எவ்வளவு ஆகிடும்? ரெண்டு நாட்டுக்கும் நடுவுல உறவுப் பாலம்னு மேடைல பேசுறாங்க. நான் போனப்போ அந்த மாதிரி ஒரு போர்டு என் கண்ணுல படலை. பையை வச்சுட்டுச் சுத்த ஒரு இடம், விடியக்காலை அஞ்சு மணிக்கு சூடா இட்லி தர ஒரு கடை, அந்த போர்டு, இந்த மூணும் இருந்தாலே பாதிப் பேரு ஊருக்குள்ள வருவாங்க. இல்லைன்னா டிக்கெட் காசு கப்பலுக்குப் போகும், ஊருக்கு ஹாரன் சத்தம்தான் மிச்சம்.

சாயங்காலம் கடற்கரைல உக்காந்தோம். 2004 டிசம்பர் 26 சுனாமில தமிழ்நாட்டுலயே அதிகமாச் செத்தது நாகப்பட்டினம் மாவட்டத்துலதான், ஆறாயிரத்துக்கும் மேல. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பேரெல்லாம் அப்பத்தான் வெளிய தெரிஞ்சுச்சு. பக்கத்துல கருவாடு வித்துட்டு இருந்த அம்மாகிட்ட அம்மாயி பேச்சுக் குடுத்தாங்க. கடலைப் பார்த்தா பயமா இல்லையான்னு கேட்டாங்க. "பயந்தா சோறு யாரு போடுவா?"ன்னு சொல்லிட்டு அந்தம்மா திருப்பிக் கேட்டாங்க, "உங்க மலைல யானை வரும்ல, நீங்க என்ன ஊரை விட்டா போனீங்க?" ரெண்டு பேரும் சிரிச்சாங்க. எங்க பக்கம் காட்டு மாடும் கரடியும் வர்ற கதையை அம்மாயி சொல்ல, நேரம் போனதே தெரியலை.

இதுக்கு எதிர்ப்பேச்சும் இருக்கு, ஒத்துக்கிறேன். செலவு ஆகும். ரெண்டு பேருக்கு லாட்ஜ், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 2,000 ரூபாய்க்குள்ள ஆச்சு. எங்க வீட்டுக்கு அது சின்னக் காசு இல்லை. லீவு கிடைக்காதவங்களும் இருப்பாங்க, அவங்க அரை நாளாவது ஒதுக்கலாம். ஆனா ஒண்ணு, கடல் கொந்தளிச்சா கப்பலைத் தள்ளி வைப்பாங்க, மழைக்காலத்துல மாசக்கணக்குல நிறுத்திடுவாங்க. கடைசி நிமிஷத்துல ஓடி வர்றவங்களுக்குத்தான் அதுல கஷ்டம். ஒரு நாள் கையில வச்சிருந்தா மனசு பதறாது.

அதுக்காக "ஒரே நாளில் 12 இடங்கள்"னு லிஸ்ட் போட்டு ஓடாதீங்க. நாங்க வேளாங்கண்ணி போகலை, நீலாயதாட்சி கோவிலுக்கும் போகலை. ரெண்டு இடம், மூணு சாப்பாடு, அவ்வளவுதான். ராத்திரிக்கு இட்லியோட நிறுத்திக்கோங்க. பரோட்டாவும் மீனும் முழுசா ஏத்திட்டு மறுநாள் கப்பல்ல உக்காந்தா நாலு மணி நேரம் நாலு நாளாத் தெரியும். இஞ்சி மரப்பா ரெண்டு பையில வச்சுக்கோங்க. அனுபவத்துல சொல்றேன் :-(

மறுநாள் கப்பல் ஏறி, காங்கேசன்துறைல இறங்கி, யாழ்ப்பாணம், கொழும்புன்னு போய் ஹட்டன் போய்ச் சேர்ந்தோம். அந்தக் கதை வேற. ஒண்ணு மட்டும் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். பெரிய அம்மாயி தம்ரூட்டைப் பிட்டு வாயில போட்டுட்டு, "இது எந்த ஊர்ல செஞ்சது?"ன்னு கேட்டாங்க. எங்க அம்மாயி நாகூர்ல ஆரம்பிச்சாங்க. மினாரா, பிளேன்டீ குடுத்த பெரியவர், பறக்குற மீன், கருவாட்டுக்காரம்மா. ஒரு மணி நேரம் பேசினாங்க, நான் நடுவுல தூங்கிட்டேன்.

டிஸ்கி: தம்ரூட்ல பாதியைக் கப்பல்லயே நான் தின்னுட்டேன்னு ஒரு வதந்தி எங்க வீட்டுல உலாவுது. நம்பாதீங்க. கால்வாசிதான்.