ஊட்டிக்குப் போகணுமா? வளையல் கையிலேயே இருக்கட்டும்!

பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் "ஊட்டிக்கு எப்போம்மா?" என்று நச்சரிக்க ஆரம்பித்துவிடும். அதற்காக வளையலை அடகு வைக்க வேண்டாம், சகோதரிகளே! நம் பட்டினத்துக்காரர்களுக்குக் காரைக்கால் - எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் கோயமுத்தூர் வரை இருக்கவே இருக்கு. 60 நாள் முன்பே ரிசர்வ் செய்துவிடுங்கள்.

5 வயசு நிரம்பாத குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே கிடையாது. 5 முதல் 11 வயசு வரை பெர்த் இல்லாமல் பாதிக் கட்டணம். பெர்த் கேட்டால் முழுசு. ஒரு பெர்த்தில் இரண்டு பொடிசுகளைப் படுக்கவைத்தால் மிச்சம்தானே!

மே மாத மலர்க் கண்காட்சி நாட்களைத் தவிருங்கள். அறை வாடகை எகிறும். மலைக்கு அரசு பஸ்ஸே போதும். காரென்றால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.

நம் கடலோர வீடுகளில் ஸ்வெட்டர் ஏது? தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி, துவைத்துத் திருப்பிக் கொடுங்கள். கட்டுச்சோறும் எவர்சில்வர் கூஜாவும் மறக்காதீர்கள்!