லாட்டரி அல்ல, கைத்திறன்

அமெரிக்காவின் பெரும்பரிசு அமெச்சூர் டிராக் பந்தயங்களை 'சக்கரம் வைத்த லாட்டரி' என்கிறார் என் நண்பர் ஒருவர். அபாண்டம். 1996இல் அலபாமாவில் ஜார்ஜ் ஹோவர்ட் தொடங்கிய மில்லியன் டாலர் பந்தயம் பிராக்கெட் முறையில் நடப்பது. தன் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்பதை ஓட்டுநர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இரு ஓட்டுநர்களும் அறிவித்த நேரங்களின் வித்தியாசத்துக்கு ஏற்ப மெதுவான காருக்கு முதலில் பச்சை விளக்கு எரியும். எதிராளி விதிக்குள் ஓடும்போது, நீங்கள் சொன்னதைவிட வேகமாக ஓடினால் தோல்வி! விளக்கைப் பார்த்துக் கிளம்புவதில் நூறில் ஒரு விநாடி பிசகினாலே ஆட்டம் கைமாறிவிடும். அதனால்தான் பழைய காரோடு வரும் மெக்கானிக்கால் பணக்காரரின் புத்தம்புதுக் காரை வெல்ல முடிகிறது. இதில் குலுக்கல் எங்கே இருக்கிறது?

ஆனால் செலவு அதிகம் என்று நண்பர் சொல்வது உண்மை. மில்லியன் பந்தயத்தின் நுழைவுக் கட்டணமே ஆயிரம் டாலரைத் தாண்டும். டீசல், டயர், தங்கும் செலவு தனி. பல போட்டிகளில், முதல் சுற்றில் தோற்றவர் மறுபடி பணம் கட்டி உள்ளே வரலாம். வசதியுள்ளவருக்கு மட்டும் இரண்டாம் உயிர் தரும் இந்த விதிதான் அநியாயம். நண்பர் இதை எதிர்த்து எழுதட்டும், நானும் கையெழுத்திடுகிறேன்.