பந்து போட்டவர்களையும் பேசுவோம்

தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் லைகா கோவை கிங்ஸ் அணி என்று பேச்செடுத்தால் சாய் சுதர்சன், ஷாருக் கான் என மட்டையாளர்களோடே நின்றுவிடுகிறோம். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர், ஒருகாலத்தில் இங்கே பந்து போட்ட நடராஜன். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் பழகிய இடக்கை. கடைசி ஓவர்களில் அந்த யார்க்கர் கால்விரலுக்கே இறங்கும். வலைப்பயிற்சிக்குப் பந்துவீச ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில், சதமடித்து நின்ற ஆஸ்திரேலியாவின் லபுஷேன் உட்பட முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்! பிறகு சொந்த ஊரிலேயே மைதானமும் அமைத்தார். அணி மாறினார் என்பதற்காக அவரை மறப்பது நியாயமில்லை. எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் கோவை ஆடும் நாளில் முன்னாள் பந்துவீச்சாளர்களை வரவழைத்துக் கௌரவிக்க வேண்டும். முதல் அழைப்பு நடராஜனுக்குப் போகட்டும்.