ஏற்றாத சிவப்புக் கொடி

1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை பிற்பகல். மும்பை விக்டோரியா டாக்கில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற சரக்குக் கப்பலிலிருந்து புகை கிளம்பியது. இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் புறப்பட்டு, கராச்சி வழியாக இரண்டு நாள் முன்னர்தான் அது இங்கே வந்து சேர்ந்திருந்தது. அதன் வயிற்றில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் அதே கப்பலில் இருந்தன. தீப்பிடித்த இரண்டாம் அறையில் கீழே பஞ்சு, மேல்தட்டில் வெடிபொருள். அடுப்புக்கு மேல் வெடிமருந்துப் பெட்டியை வைத்தது போன்ற அடுக்கு அது.

மாலை 4.06-க்கு முதல் வெடிப்பு. அடுத்த அரைமணி நேரத்துக்குள் இரண்டாவது. 1,700 கிலோமீட்டருக்கு அப்பால் சிம்லாவில் இருந்த நிலநடுக்கமானி அந்த அதிர்வைப் பதிவு செய்தது. தீயைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று நாட்கள் ஆயின. இறந்தவர்கள் 800 முதல் 1,300 வரை இருக்கலாம் என்கின்றன வெவ்வேறு கணக்குகள். மறக்கக் கூடாத எண் ஒன்று உண்டு: அன்று உயிர்விட்ட தீயணைப்பு வீரர்கள் 66 பேர். அவர்கள் நினைவாகத்தான் நாடு முழுவதும் ஏப்ரல் 14-ஐத் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கிறோம்.

அன்று விதி இல்லாமல் போகவில்லை. இந்திய வெடிபொருள் சட்டம் 1884-லேயே வந்துவிட்டது. வெடிபொருள் ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும் என்பது துறைமுக உலகின் பழைய வழக்கம். போரைக் காரணம் காட்டி அந்தக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டிருந்தன. கொடி ஏறவில்லை. அக்கம்பக்கத்துக் கப்பல்களில் இருந்தவர்களுக்கும், கரையில் மூட்டை சுமந்தவர்களுக்கும், பக்கத்தில் எது நிற்கிறது என்று தெரியவில்லை. வெடிபொருள் கப்பலில் தீ என்ற எச்சரிக்கை தீயணைப்புத் துறைக்கு உரிய முறையில் போய்ச் சேராததால் முதலில் வந்தவை இரண்டே பம்ப் வண்டிகள். எல்லாம் முடிந்த பிறகும் வாய்ப்பூட்டு கழலவில்லை. சைகோன் வானொலி மறுநாளே செய்தி சொல்லிவிட்டது. இந்தியப் பத்திரிகைகள் எழுதவோ மே மாதம் இரண்டாம் வாரம் வரை அனுமதி கிடைக்கவில்லை.

இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே ஒன்று. ஆபத்தான சரக்கு வருகிறது என்றால், அதன் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லியாக வேண்டும். 80 ஆண்டுகள் கடந்தும் நம் ஆட்சி அமைப்பு இந்தப் பாடத்தை முழுமையாக ஏற்கவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

இன்று நடைமுறையில் உள்ள 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் மோசமானவை அல்ல. உரிமம் இல்லாமல் ஒரு பெட்டி வெடிபொருளைக்கூட இறக்குமதி செய்ய முடியாது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு (பெசோ) உரிமம் தர வேண்டும். குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் சரக்கு வரலாம். உரிமத்தைப் பார்க்காமல் சுங்கத் துறை சரக்கை விடுவிக்கக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவரோ, குடித்திருப்பவரோ வெடிபொருளைக் கையாளக் கூடாது. படிக்கும்போது நிம்மதியாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த விதிகள் எல்லாம் உரிமம் வாங்கியவரையும் உரிமம் கொடுத்தவரையும் பார்த்துப் பேசுகின்றன. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். கன்டெய்னரைத் திறக்கும் மாத்தாடி (சுமை தூக்கும்) தொழிலாளி, குழாயைப் பிடிக்கும் தீயணைப்பு வீரர், கிடங்குச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் குடும்பம். வெடித்தால் முதலில் சாகிறவர் இவர்தான். விதிகளில் கடைசியாக நினைக்கப்படுகிறவரும் இவர்தான்.

2025 அக்டோபரில் தூத்துக்குடித் துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னர்களை வருவாய்ப் புலனாய்வுத் துறை மடக்கியது. ஆவணத்தில் இருந்ததோ வேறு சரக்கு. உள்ளே 83,000-க்கும் அதிகமான சீனப் பட்டாசுகள். மும்பைக்கு அருகே நம் நவசேவா துறைமுகத்திலும் இன்னொரு கன்டெய்னர் சிக்கியது. பெண்கள் அணியும் லெக்கிங்ஸ் என்று எழுதியிருந்த பெட்டிக்குள் 46,640 பட்டாசுகள். மதிப்பு ஐந்து கோடிக்குச் சற்றுக் குறைவு என்று செய்தி வந்தது. சிவகாசிக்காரர் பிழைப்பில் விழுந்த அடி என்று நம்மில் பலர் ஆத்திரப்பட்டோம். அது நியாயமான ஆத்திரம். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. துணி என்று நம்பி அந்தப் பெட்டியைக் கிரேனில் தூக்கியவர், வெயிலில் அடுக்கியவர், லாரியில் ஏற்றி நெடுஞ்சாலையில் ஓட்டவிருந்தவர், இவர்கள் உயிருக்கு யார் பொறுப்பு? ஏற்றாத சிவப்புக் கொடி இதுதான். 1944-இல் போர் மறைத்தது. 2025-இல் பேராசை மறைத்தது.

இப்படி மறைத்து இறக்குமதி செய்கிறவருக்குச் சட்டம் என்ன தண்டனை வைத்திருக்கிறது தெரியுமா? 1884 சட்டத்தின் 9பி பிரிவின்படி, மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமமின்றி வைத்திருந்தால், விற்றால், கொண்டு சென்றால் அபராதம் 3,000 ரூபாய். கோடிக்கணக்கில் சரக்கு இறக்குகிறவருக்கு இது அபராதமா, டீச்செலவா? 1884 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதாவின் வரைவை மத்திய அரசு 2024-இல் மக்கள் கருத்துக்கு வைத்தது. அபராதத்தை உயர்த்த அது முன்மொழிந்ததை வரவேற்கிறோம். ஆனால் தொகையை உயர்த்தினால் மட்டும் போதாது. சரக்கின் மதிப்பில் இத்தனை மடங்கு என்று அபராதம் இருக்க வேண்டும். அப்போதுதான் கணக்குப் போடுகிறவர் பயப்படுவார்.

கைப்பற்றிய சரக்கை என்ன செய்கிறோம் என்பது அடுத்த கேள்வி. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 200-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். தீயை அணைக்க முதலில் அனுப்பப்பட்ட 10 பேர் குழு, கிடங்கில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே உள்ளே போய் மாண்டது. அந்தச் செய்தி வந்த பிறகுதான் சென்னை மணலியில் ஒரு கன்டெய்னர் நிலையத்தில் சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் 2015 முதல் கிடப்பது ஊருக்குத் தெரிந்தது. சுங்கத் துறை கைப்பற்றி, வழக்கு நடந்து, சரக்கு அங்கேயே தங்கிவிட்டது. பெய்ரூட் வெடித்திராவிட்டால் அது இன்னும் எத்தனை ஆண்டு அங்கே கிடந்திருக்கும்? பிறகு அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றினார்கள். 2021-இல் அம்மோனியம் நைட்ரேட் விதிகளைத் திருத்தி, இறக்குமதி மூட்டைகளாகத்தான் வர வேண்டும், துறைமுகத்திலிருந்து 500 மீட்டருக்கு அப்பால் உள்ள கிடங்குக்கு மாற்ற வேண்டும், கைப்பற்றியதை ஏலம் விட வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். நல்ல திருத்தம்தான். ஆனாலும் 2025 நவம்பரில் ஸ்ரீநகர் அருகே நவ்காம் காவல் நிலையத்தில், கைப்பற்றி வைத்திருந்த வெடிபொருள் வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். கைப்பற்றுவதோடு ஆபத்து முடிந்துவிடுவதில்லை. அது அரசின் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

இதெல்லாம் துறைமுகத்துச் சங்கதி, நமக்கென்ன என்று தாராவி வாசகர் கேட்கலாம். நம் அடுப்படியில் இருக்கும் கேஸ் சிலிண்டரும் அதே 1884 சட்டத்தின் கீழ்தான் வருகிறது. அழுத்தம் கொடுத்து அடைத்த வாயுவை வெடிபொருளாகக் கருதியே 2016 சிலிண்டர் விதிகள் இயற்றப்பட்டிருக்கின்றன. 2025 மார்ச் 24 இரவு, தாராவி பேருந்து டெப்போவை ஒட்டி நின்றிருந்த ஒரு சிலிண்டர் லாரி தீப்பிடித்தது. சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. எந்த உயிரும் போகவில்லை. அதை நிர்வாகத்தின் வெற்றி என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. நூறு அடி தள்ளி, ஒரு சந்துக்குள் அந்த லாரி நின்றிருந்தால்?

நம் சந்துகளை நாம் அறிவோம். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம். மேலே மின்கம்பிக் கொத்து, கீழே சாக்கடை மூடி. விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே இட்லிக் கொப்பரைகள் ஆவி விடுகின்றன. ஆறு மணிக்குள் தலையில் பாத்திரத்தோடு நம் ஆட்கள் நகரம் முழுக்கப் புறப்பட்டாக வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் 19 கிலோ வணிக சிலிண்டர். மாற்று சிலிண்டர் ஏணிப்படிக்கு அடியில். மொத்தம் 100 கிலோவுக்கு மேல் எல்பிஜி வைத்திருந்தால் உரிமம் வேண்டும் என்பது விதி. ஐந்து வணிக சிலிண்டர் என்றால் 95 கிலோ; ஆறாவது வந்தால் எல்லை தாண்டிவிடும். இதை அந்த இட்லிக்கார அண்ணாச்சியிடம் தமிழில் உட்கார்ந்து சொன்ன அதிகாரி ஒருவராவது உண்டா? சொல்லாமலே வைத்துவிட்டு, விபத்து நடந்த மறுநாள் அவரையே குற்றவாளி ஆக்குவது நீதி அல்ல.

செம்பூர் பக்கம் வந்தால் கதை இன்னும் கனமானது. மாகுலில் சுத்திகரிப்பு ஆலைகள், அவற்றை ஒட்டிக் குடியிருப்புகள். 2018 ஆகஸ்ட் 8 அன்று பாரத் பெட்ரோலியம் ஆலையில் வெடிப்பு ஏற்பட்டு 40-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1989-இல், அபாயகர ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய விதிகள் வந்தன. பெருவிபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியாருக்கு, ஆபத்து எத்தன்மையது, என்ன செய்ய வேண்டும் என்று ஆலையே முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது அவற்றில் உள்ள கடமை. வாஷி நாக்காவில் இருக்கும் வாசகர் தன் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கட்டும். அப்படி ஒரு தாள் அவரிடம் இருக்கிறதா?

மாகுல் சாலையில் போகும் டேங்கர் லாரியின் பின்புறத்தைப் பார்த்தால் ஒரு பலகை தெரியும். அதில் 1075 என்று ஓர் எண் இருக்கும். நமக்கு அது வெறும் எண். தீயணைப்பு வீரருக்கோ, உள்ளே இருப்பது எல்பிஜி என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லும் செய்தி. அந்தச் சிறு பலகை எத்தனையோ உயிரைக் காக்கும். ஓடுகிற லாரிக்கு இருக்கும் இந்த ஒழுங்கு, நின்றுகொண்டிருக்கும் கிடங்குக்கும் இறங்குகிற கப்பல் சரக்குக்கும் வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

இப்படி வெளிப்படையாகச் சொன்னால் தீயவர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும் என்பார்கள் அதிகாரிகள். இந்த வாதத்தை மும்பைக்காரன் எளிதில் தள்ளிவிட மாட்டான். 1993 மார்ச் 12-ஐ மறக்க முடியாது. 257 உயிர்கள் போயின. ஆனால் அந்த ஆர்டிஎக்ஸ் எப்படி வந்தது? ராய்கட் கடற்கரையில் இறங்கியது. காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்ட சுங்க, காவல் துறையினர் சிலரை நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. பொதுமக்களுக்குத் தகவல் தெரிந்ததால் அந்தக் கொடுமை நடக்கவில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்கள் விலைபோனதால் நடந்தது. கிடங்கின் பூட்டுச்சாவி எங்கே என்று நாம் கேட்கவில்லை. எந்த வகை ஆபத்து, சைரன் எப்படி ஒலிக்கும், எந்தத் தெரு வழியாக வெளியேற வேண்டும், இவ்வளவுதான் கேட்கிறோம்.

வெடிபொருள் வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. சுரங்கத்துக்கும் கிணற்றுக்கும் சாலைக்கும் அது வேண்டும். நேர்மையாக உரிமம் வாங்கித் தொழில் செய்பவருக்குக் கண்டிப்பான விதி பாதுகாப்பே தவிர இடையூறு அல்ல. லெக்கிங்ஸ் என்று எழுதிப் பட்டாசு கொண்டுவருகிறவர்தான் அவருக்கு இடையூறு.

ஆகவே மத்திய அரசிடமும், மகாராஷ்டிர அரசிடமும், மும்பை மாநகராட்சியிடமும் நாம் கேட்பது இது. வெடிபொருளோ அபாயகர ரசாயனமோ துறைமுகத்தில் இறங்கும் நேரத்திலேயே, என்ன சரக்கு, எவ்வளவு, எங்கே என்ற விவரம் அந்த வட்டாரத் தீயணைப்பு நிலையத்தின் பலகையில் இருக்க வேண்டும். கைப்பற்றிய வெடிபொருளுக்குக் கெடு வைக்க வேண்டும். வழக்குக்கு மாதிரியை எடுத்துக்கொண்டு மீதியை மாதக்கணக்கில் காத்திராமல் அப்புறப்படுத்த வேண்டும். கெடு தவறினால் கையெழுத்திட்ட அதிகாரி பதில் சொல்ல வேண்டும். சிலிண்டர் லாரிகளுக்குக் குடியிருப்புக்கு வெளியே நிறுத்துமிடம் ஒதுக்க வேண்டும். எச்சரிக்கைத் தாள்கள் மராத்தியிலும் இந்தியிலும் மட்டுமன்றி, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழிலும் வீடு வீடாகப் போய்ச் சேர வேண்டும். போர் என்றாலும் அவசரம் என்றாலும், சொல்லும் கடமையிலிருந்து மட்டும் எவருக்கும் விலக்கு கூடாது.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடுகிற அதே மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு வீரர் ஒருவரை அழைத்து, ரெகுலேட்டரை எப்படி மூடுவது, கசிவு வந்தால் எந்த சுவிட்சைத் தொடக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த ஏப்ரல் 14 அன்றும் பைக்குலாவில் அந்த 66 பேர் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கப்படும். வைக்கிற அமைச்சரும் ஆணையரும், பக்கத்தில் விறைப்பாக நிற்கும் இளம் வீரரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும்: ‘உன் நிலையத்து எல்லைக்குள் இன்று எங்கே, என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?’ அவர் தயங்காமல் ‘தெரியும்’ என்று சொல்லும் நாளில்தான் அந்த மலர்வளையத்துக்கு மதிப்பு.