ஐயரம்மாவா, ஐயரா?

எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் போதகரை 'ஐயர்' என்போம், அவர் மனைவியை 'ஐயரம்மா' என்போம். இந்த இரண்டு வார்த்தைகளும் இத்தனை நாள் எனக்கு ஒரு குழப்பமும் தந்ததில்லை. போன சித்திரையில் என் மூத்த பெண், பி.எஸ்ஸி. பரீட்சை முடிந்த கையோடு அடுப்படிக்கு வந்து, "அம்மா, நான் பி.டி. படிக்கப் போறேன்" என்றாள். என் காதில் அது பி.எட். என்று விழுந்தது. டீச்சர் உத்தியோகம், நல்லதுதானே என்று கேசரிக்கு ரவையை வறுக்க ஆரம்பித்துவிட்டேன்! ரவை சிவந்த பிறகுதான் தெரிந்தது, அவள் சொன்னது இறையியல் படிப்பு. ஐயராகப் போகிறாளாம்.

என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான். ஆலயத்தில் ஒரு பெரியவர், "பொம்பளைப் புள்ளை அப்பம் பிட்டுக் குடுத்தா நான் முன்னால போகமாட்டேன்" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். வீட்டுக்கு வந்து அழுதேன். அவள் அழவில்லை. "ஒரு தடவை காலேஜை வந்து பாரும்மா, பிறகு வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

அப்படித்தான் மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்குப் போனேன். 1969-ல் தொடங்கிய கல்லூரி இது. செராம்பூரோடு இணைந்தது. வில்லியம் கேரியும் அவர் கூட்டாளிகளும் 1818-ல் வங்காளத்தில் ஆரம்பித்தார்களே, அந்த செராம்பூர்தான். ஆனால் பாடம் தமிழில் நடக்கிறது. இங்கிலீஷ் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்னைப் போன்றவர்களுக்கு அதுவே பாதி தைரியம்.

அங்கே படிக்கும் ஒரு பெண் எங்களைச் சுற்றிக் காட்டினாள். அவள் நோட்டில் எபிரெய எழுத்துக்கள். வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாக எழுதுகிறார்கள்! கோலத்தைத் தலைகீழாகப் போடுவது மாதிரி இருந்தது எனக்கு. பழைய ஏற்பாட்டுக்கு எபிரெயு, புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கு. படிப்பு புத்தகத்தோடு முடிவதில்லையாம். சேரிகளிலும் கிராமங்களிலும் போய்த் தங்கி, அந்த ஜனங்களோடு வாழ்ந்தும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். "பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன். "முதல்ல இருந்துச்சு ஆன்ட்டி. தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிட்டு வரிசையில நின்னதும் எல்லாரும் பழகிட்டாங்க" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள், அது என் மனசில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இங்கே இசை கற்றுக்கொடுத்த தியோபிலஸ் அப்பாவு ஐயர் என்று ஒருவர் இருந்தார், 2005-ல் காலமானார். 'பரட்டை அண்ணன்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நாட்டுப்புற மெட்டுக்களில் ஆராதனைப் பாட்டுக் கட்டியவர். அவர் 'ஒரு உலை' என்பாராம். சாதி பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே உலையில் பொங்கி, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. திருவிருந்தின் அர்த்தமே அதுதான் என்பாராம். நாற்பது வயது வரை திருவிருந்து எடுத்தவள் நான். உலை வைக்கிறவளுக்குப் புரிகிற பாஷையில் அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பெண்கள் குருவாகலாமா என்ற சந்தேகத்தையும் அங்கேயே கேட்டுவிட்டேன். 1947-ல் உருவான சி.எஸ்.ஐ.யில் 1976-லேயே எலிசபெத் பால் என்பவர் குருவாக அபிஷேகம் பெற்றுவிட்டார். 2013-ல் ஆந்திராவின் நந்தியாலுக்குப் புஷ்பா லலிதா பேராயராகவே வந்துவிட்டார். நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், இது தெரியாமல்! நம்ம பக்கத்துப் பெரியவருக்கும் தெரிந்திராது.

ஆனாலும் சகோதரிகளே, ஒளிக்காமல் சொல்கிறேன், கவலை போகவில்லை. சேகரத்தின் சிபாரிசு வேண்டும், திருமண்டலத்தின் நேர்காணல் வேண்டும். படித்து முடித்தாலும் முதலில் உதவிகுரு, அப்புறம்தான் குரு. ராத்திரி பதினோரு மணிக்குச் சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் போயாக வேண்டும். நாலு வருஷத்துக்கு ஒரு ஊர் என்று மாற்றினால் எந்த மாப்பிள்ளை பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான்? திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "ஏட்டி, உன் புருஷனை சபையில என்னன்னு கூப்பிடுவாங்க?" அவள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். தகப்பனார் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அவர் மூன்று நாள் அதைத் தொடவில்லை. நாலாம் நாள் ராத்திரி ரசம் ஊற்றும்போது, தலையை நிமிராமல் கேட்டார்: "அந்த ஹாஸ்டல்ல மீன் கொழம்பு உண்டாமா? அவளுக்கு வாரத்துக்கு ரெண்டு நாளாவது மீன் இல்லாம இறங்காதே."

நான் பதில் சொல்லவில்லை. பேனாவைத் தேடப் போனேன்.