முறைமை யாருக்காக? – ஸ்கூடாயிலிருந்து ஒரு சிந்தனை



ஸ்கூடாய் என்றதும் வெளியூர் அன்பர்களின் நினைவுக்கு முதலில் வருவது மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே. யு.டி.எம். என்று நாம் சுருக்கமாக அழைக்கும் அந்நிறுவனம் 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உருப்பெற்றது. 1975இல் பல்கலைக்கழகம் என்னும் பெயரை ஏற்றது. 1985இல் ஸ்கூடாயில் தன் பெரிய வளாகத்தைத் திறந்தது. 2010இல் ஆய்வுப் பல்கலைக்கழகம் என்னும் தகுதியும் அதற்குக் கிடைத்தது. அங்குள்ள கணினிப் புலம் ஒரு காலத்தில் 'கணினி அறிவியல், தகவல் முறைமைப் புலம்' என்றே அழைக்கப்பட்டது. புலத்தின் பெயர் பின்னர் மாறியது.

அதே ஸ்கூடாயில் துன் அமினா, ரினி எனத் தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. பல்கலைக்கழகத்திற்கும் இப்பள்ளிகளுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும், அங்கே ஆராயப்படும் பொருளுக்கும் இங்கே ஆசிரியர்கள் நாள்தோறும் படும் பாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளிக்கென உருவாகும் எந்தத் தகவல் முறைமையும் ஆசிரியரைக் கேட்டே உருவாக வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு துணைநிற்க வேண்டும். அதனை முதலில் கேட்க வேண்டியவர்கள் நாமே. இதுவே என் கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே வைக்கிறேன்.

தகவல் முறைமை என்பது யாது?

இத்துறையைக் கணினி பழுதுபார்த்தல் என்றே எண்ணும் பெற்றோர் இன்னும் உள்ளனர். நிரல் எழுதுதல் மட்டுமே என்று எண்ணுவோரும் உண்டு. நம் பள்ளி வருகைப் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். காலையில் வகுப்பாசிரியர் பெயர்களை அழைக்கிறார்; வராதவர்களைக் குறிக்கிறார்; மாத இறுதியில் விழுக்காடு கணக்கிடுகிறார்; தலைமையாசிரியர் கையொப்பமிடுகிறார்; தொடர்ந்து வராத மாணவரின் வீட்டுக்குக் கடிதம் செல்கிறது. பதிவேடு, ஆசிரியர், விதிமுறை, கையொப்பம், கடிதம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஒரு தகவல் முறைமை. கணினி வந்தபோது மாறியது தாள் மட்டுமே. பெயரை அழைப்பவரும், கடிதத்தைப் பெறுபவரும் அப்படியே இருக்கின்றனர்.

ஆகவே, இத்தகைய முறைமையை வடிவமைப்பவர் கணினியை அறிந்திருப்பதோடு, அந்த வகுப்பாசிரியரின் காலைப் பொழுதையும் அறிந்திருத்தல் வேண்டும். எந்தத் தகவல் யாருக்குத் தேவை, அதனைத் தருபவர் யார், எப்போது தருவார், தருவதால் அவருக்கு விளையும் பயன் யாது என்று முதலில் வினவுவதே இத்துறையின் அடிப்படைப் பாடம். தேவைப் பகுப்பாய்வு என்று இதனைக் கூறுவர்.

நம் நாடு கண்ட பட்டறிவு

1990களின் பிற்பகுதியில் பல்லூடகப் பெருவழித் திட்டம் அறிமுகமானபோது, விவேகப் பள்ளித் திட்டம் அதன் முதன்மைத் திட்டங்களுள் ஒன்றாக அமைந்தது. 1999இல் முன்னோடிப் பள்ளிகளில் அது தொடங்கிற்று. அதற்கென உருவாக்கப்பட்ட பாட மென்பொருள்கள் மலாய்மொழி, ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கானவை. தமிழ்மொழி அப்பட்டியலில் இல்லை.

2011இல் பள்ளிசார் மதிப்பீடு முதலாம் ஆண்டில் தொடங்கியது. ஒவ்வொரு மாணவரின் அடைவுநிலையையும் ஆசிரியர் இணையத்தின்வழி பதிய வேண்டியிருந்தது. நாடு முழுவதிலுமிருந்து ஆசிரியர்கள் ஒரே காலத்தில் உள்நுழைய முயன்றதால் அத்தளம் திணறியது. நெரிசல் குறைந்திருக்கும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கண்விழித்துப் பதிவு செய்த ஆசிரியர்களின் குமுறல் நாளேடுகள் வரை எட்டியது. இறுதியில், 2014 ஏப்ரல் மாதம் முதல் அந்த இணையப் பதிவு முறையைக் கல்வி அமைச்சு கைவிட்டது.

அதே 2011இல்தான் 1பெஸ்தாரிநெட் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் மெய்நிகர் கற்றல் தளமும் வழங்குவது அதன் நோக்கம். ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகியோரின் தளப் பயன்பாடு 0.01 விழுக்காடு முதல் 4.69 விழுக்காடு வரை மட்டுமே இருந்ததாக 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை எடுத்துக்காட்டியது. 2019இல் அத்திட்டம் முடிவுற்றது. பின்னர் 2020இல் டெலிமா தளம் வந்தது.

யாரையும் பழிப்பதற்காக இவற்றை இங்கே எழுதவில்லை. கணினியும் வந்தது, தளமும் வந்தது, பயிற்சிப் பட்டறைகளும் நடந்தன. ஆனால் நாற்பது மாணவர்களைக் கொண்ட ஒரு வகுப்பின் ஆசிரியருக்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் ஓய்வு உண்டு, அந்த நிமிடத்தில் பள்ளியின் இணைய வேகம் எவ்வளவு என்ற எளிய கணக்கு வடிவமைப்பில் இடம்பெற்றிருந்தால், நள்ளிரவுப் பதிவு தேவைப்பட்டிருக்குமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஆய்வுலகம் முன்னரே கண்ட உண்மை

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1989இல் ஃபிரெட் டேவிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, ஒரு முறைமையை மக்கள் ஏற்பார்களா என்பதை இரண்டு வினாக்களில் அடக்கியது. 'இது என் வேலைக்குப் பயன்படும் என்று நான் நம்புகிறேனா?' என்பது முதல் வினா. 'இதைக் கையாள்வது எளிது என்று எனக்குத் தோன்றுகிறதா?' என்பது இரண்டாம் வினா. உலகெங்கும், நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும், எண்ணற்ற ஆய்வேடுகள் இம்மாதிரியைப் பயன்படுத்தியுள்ளன.

அதற்கும் முன்பே, 1970களின் தொடக்கத்தில், நார்வே நாட்டில் கிறிஸ்டன் நைகார்ட் என்னும் கணினி அறிஞர் வேறொரு வழியைக் காட்டினார். ஆலைகளுக்குள் கணினி நுழையத் தொடங்கிய காலம் அது. அவர் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து பணியாற்றினார். வரவிருக்கும் முறைமை தங்கள் வேலையை எவ்வாறு மாற்றும் என்பதைத் தொழிலாளர்களே ஆராய்ந்து, தங்கள் கோரிக்கையை முன்வைக்க அந்த ஆய்வு துணைபுரிந்தது. பங்கேற்பு வடிவமைப்பு என்று இன்று பல்கலைக்கழகங்கள் கற்பிக்கும் நெறியின் வேர்களுள் அதுவும் ஒன்று. உலோகத் தொழிலாளிக்குப் பொருந்தும் நெறி, தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் பொருந்தும் அல்லவா?

நீரிணைக்கு அப்பால் ஒரு தமிழாசிரியர்

நார்வே நமக்குத் தொலைவு. ஸ்கூடாய்க்கு அருகில், ஜொகூர் நீரிணைக்கு அப்பாலேயே ஒரு சான்று உண்டு. சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்தவர் நா. கோவிந்தசாமி. சிறந்த சிறுகதை எழுத்தாளருமாவார். தமிழைக் கணினியில் எழுதத் தமிழ் கற்பிப்போருக்கு என்ன தேவை என்பதை அவர் அறிந்திருந்தார். 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளையும் விசைப்பலகை முறையையும் உருவாக்கினார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீ என்னும் அறிவியலாளரோடு இணைந்தார். 1995இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது, தமிழும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணையக் கருத்தரங்கும் இந்த உழைப்பின் தொடர்ச்சியே. நா. கோவிந்தசாமி 1999இல் மறைந்தார்.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்று. பல்கலைக்கழக அறிவியலாளரிடம் இணைய நுட்பம் இருந்தது. தமிழாசிரியரிடம் தேவை பற்றிய அறிவு இருந்தது. இரண்டும் ஒரே மேசைக்கு வந்ததால் காரியம் கைகூடிற்று.

தமிழ்ப்பள்ளி மட்டுமே எழுப்பக்கூடிய கேள்விகள்

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? இரண்டாம் ஆண்டு மாணவரும் மூன்று என்பார். ஆனால் ஒருங்குறி முறையில் கணினி அச்சொல்லை ஐந்து குறிகளாகச் சேமிக்கிறது. மெய்யின் புள்ளிக்கு ஒரு குறி, இகரத்தின் மேல்விலங்குக்கு ஒரு குறி. இதனை அறியாமல் வடிவமைத்த பெட்டியில் '100 எழுத்துகளுக்குள் கருத்துரைக்கவும்' என்றால், தமிழில் எழுதும் ஆசிரியருக்கு மட்டும் இடம் சுருங்கிவிடுகிறது. எழுத்துப்பிழை திருத்தும் பயிற்சி மென்பொருளிலும் இதே சிக்கல் எழும். மாணவர் விட்டது ஒரு புள்ளியையா, ஓர் எழுத்தையா என்று பிரித்துச் சொல்ல, வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் பெயர்களையும் பாருங்கள். ஏ/எல், ஏ/பி என்று சாய்கோட்டோடு எழுதுகிறோம். அச்சாய்கோட்டை ஏற்காத இணையப் படிவங்களும், குடும்பப் பெயர் எதுவெனக் கட்டாயமாகக் கேட்கும் படிவங்களும் உண்டு. தந்தையின் பெயர் குடும்பப் பெயராகி, பிள்ளையின் பெயர் பின்தள்ளப்படுகிறது. சிறிய செய்திதான். ஆனால் ஒரு பிள்ளையின் பெயர் இரண்டு பதிவுகளில் இரண்டு விதமாக இருந்தால், பிற்காலத்தில் சான்றிதழ் வேண்டி அலைவது அக்குடும்பமே.

எழக்கூடிய மறுப்புகள்

'முறைமைகளைப் புத்ராஜெயா தீர்மானிக்கிறது. ஸ்கூடாயில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளி என்ன செய்துவிட முடியும்?' என்று சிலர் கேட்கலாம். நாடளாவிய தளத்தை நாம் மாற்றியமைக்க இயலாது என்பது உண்மையே. ஆனால் 2014இல் ஒரு முறை கைவிடப்பட்டதற்கு ஆசிரியர்களின் குரலும் ஒரு காரணம். அக்குரல் புள்ளிவிவரத்தோடு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒலித்திருந்தால் எவ்வளவு துன்பம் தவிர்க்கப்பட்டிருக்கும்! முறையீட்டை ஆய்வாக மாற்றித் தரும் திறன் பல்கலைக்கழகத்திடம் உள்ளது.

'ஏற்கெனவே சுமை அதிகம். இதற்கு நேரம் ஏது?' என்பது அடுத்த மறுப்பு. நியாயமானதே. ஆயினும் சுமையை அளக்காதவரை அது குறையாது.

நாம் செய்யக்கூடியவை

1. ஆசிரியர்கள் ஒரு மாதம் மட்டும் ஒரு குறிப்பேடு வைக்கலாம். எந்தத் தளத்தில் எதைப் பதிந்தோம், எத்தனை நிமிடம் ஆயிற்று, அதே விவரம் வேறெங்கே மீண்டும் கேட்கப்பட்டது என்ற மூன்றை மட்டும் குறித்தால் போதும்.

2. கணினித் துறையில் பயிலும் இளங்கலை மாணவர்கள் இறுதியாண்டில் ஒரு திட்டப்பணியைச் செய்வது வழக்கம். தலைப்புத் தேடி அலையும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளியின் ஒரு தேவையை ஒரு பக்கத்தில் எழுதி விரிவுரையாளரிடம் அளிக்கலாம். பள்ளி நூலகத் தமிழ் நூல்களுக்கான பட்டியல், பழைய பள்ளி மலர்களை இலக்கவியல் வடிவில் காத்தல், மாணவர்களின் எழுத்துப்பிழைகளைத் தொகுத்து வகைப்படுத்தல் என எத்தனையோ தலைப்புகள் காத்திருக்கின்றன.

3. அவ்வாறு செய்யும்போது பிள்ளைகளின் பெயர், அடையாள அட்டை எண், குடும்ப வருமானம் ஆகியவற்றை எவரிடமும் கொடுத்தல் கூடாது. பெயர் நீக்கிய விவரமே ஆய்வுக்குப் போதுமானது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆதலால் இவ்விடயத்தில் பள்ளியின் சொந்த விழிப்பே முதற்காவல்.

4. பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவம், பொறியியல் என்று மட்டும் பிள்ளைகளுக்கு வழிகாட்டாமல், தகவல் முறைமைத் துறையையும் எண்ணிப் பாருங்கள். அத்துறைக்குக் கணிதத் திறனோடு, பிறர் சொல்வதைக் கேட்டு விளங்கிக்கொண்டு தெளிவாக எழுதும் திறனும் தேவை. எஸ்.பி.எம். வரை தமிழ் பயின்ற பிள்ளை அத்துறைக்குள் சென்றால், மேற்சொன்ன புள்ளியையும் சாய்கோட்டையும் யாரும் சொல்லாமலேயே கவனிக்கும்.

பல்கலைக்கழக அன்பர்களுக்கும் ஒரு சொல். இலக்கவியல் மாற்றம் பற்றிய ஆய்வுக்குத் தொலைவில் களம் தேட வேண்டியதில்லை. நெடுஞ்சாலையைத் தாண்டினால் மூன்று மொழிகளில் கற்பிக்கும் ஒரு பள்ளி இருக்கிறது. அங்குள்ள ஆசிரியரிடம் வினாநிரல் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் செல்லாமல், ஒரு முழு நாள் அவருடன் இருந்து பாருங்கள். ஆய்வின் முடிவை அப்பள்ளிக்கும் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கென ஒரு வரி சேர்க்கப்படுமானால், இதை எழுதியதன் பயன் எனக்குக் கிட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.